பீட்டாவின் மேல் போட்ட பழி

என் பெரியப்பாவுக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை. போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர் அவர். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எட்டு மில்லியா ஏழு மில்லியா என்று சொல்லிவிடுவார். அவருடைய பழைய பில் புத்தகங்களைப் பின்னாளில் புரட்டியபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. வரியின் முதல் எழுத்து பெரிதாகத் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகியிருந்தது. நடுக்கம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது. அதற்கும் பின்னால் வந்ததுதான் நிலைப்படிச் சிக்கல். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற வழியில், நிலைப்படிக்கு ஒரு முழம் முன்னால் கால் நின்றுவிடும். "காலு தரையில ஒட்டிக்கிருச்சுடா" என்பார். மேல் உடம்பு முன்னே போகப் பார்க்கும், பாதம் வராது.

அதே மனிதர் மாடிப்படியில் நிற்காமல் ஏறினார். இதைக் கவனித்தது டாக்டர் இல்லை, பெரியம்மா. சமதளத்தில் நிற்கிற கால் படியைக் கண்டால் ஏன் எழும்புகிறது என்று யோசித்தவர், ஒரு நாள் அந்த வழி நெடுக, ஒரு தப்படிக்கு ஒன்றாகக் கோலமாவால் குறுக்குக் கோடுகள் இழுத்துவைத்தார். பெரியப்பா ஒவ்வொரு கோடாகத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குள் போய், தானே செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். தரையில் கோடு கிழித்தால் பார்க்கின்சன் நோயாளிகள் நடப்பார்கள் என்பதை 1967-இல் பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். பெரியம்மா அதைப் படித்தவர் இல்லை.

இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுக்க வந்த கருத்தின் கழுத்தில் கடைசியில் இதுதான் விழப்போகிறது.

சில மாதங்களுக்கு முன் தேனியில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்குப் பெரியப்பாவை அழைத்துப் போயிருந்தேன். பேச வந்தவர் நன்றாகத்தான் பேசினார். திரையில் ஒரு வரைகோடு. மூளையின் ஆழத்தில் கம்பி இறக்கிப் பதிந்த மின் அலையின் கணக்கு என்றார். கோட்டின் நடுவே ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு. அதன் மேல் சிவப்பு வட்டம். "இதுதான் பீட்டா அலை. நொடிக்கு 13 முதல் 30 துடிப்பு. இதுதான் உங்கள் பிரேக். பார்க்கின்சன் என்றால் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓட்டுவது. இந்த அலையை அழித்துவிட்டால் உடம்பு விடுபடும்." கூட்டம் தலையாட்டியது. பெரியப்பாவும் ஆட்டினார், அல்லது அவர் தலை வழக்கம்போல் ஆடியது.

இந்த உவமை அந்தப் பேச்சாளருடைய சொந்தச் சரக்கு இல்லை. ஒளித்துண்டுகளில், மருத்துவமனைக் கையேடுகளில், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் எல்லாம் இப்போது இதுதான் ஓடுகிறது: பீட்டா கெட்ட அலை, அதுதான் நோய், அதைத் துடைப்பதுதான் வைத்தியம். உடலியங்கியல் பாடம் நடத்திப் பிழைப்பவன் நான். மருத்துவன் இல்லை, யாருடைய மாத்திரையையும் மாற்றச் சொல்லவும் வரவில்லை. ஆனால் இந்தக் கருத்து தவறு. பாதி உண்மையாக இருப்பதால் முழுப் பொய்யைவிட அதிகக் கேடு செய்யும் வகைத் தவறு.

இதற்கு முன்னால் இருந்த கருத்தையும் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறேன். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்குமே, 'நரம்புத் தளர்ச்சியா? லாட்ஜில் வைத்தியர் இன்ன தேதி' என்று. தளர்ந்த கையை நீங்கள் மடக்கினால் மடங்கும். பெரியப்பாவின் கையை மடக்கிப் பாருங்கள், பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டு, எதிர்த்து எதிர்த்து மடங்கும். தளர்ச்சிக்கு நேர் எதிர்ச் சங்கதி அது. அந்த விளம்பரங்களை நம்பி டானிக் குடித்த காசில் எங்கள் குடும்பம் ஒரு நல்ல கட்டில் வாங்கியிருக்கலாம்.

பீட்டாவை எதிர்ப்பவர்களின் வழக்கு இதைவிடப் பலமானது. அதைப் பலமாகவே சொல்ல வேண்டும்.

மூளையின் அடியாழத்தில் பேசல் காங்லியா என்று ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. ஸ்ட்ரையேட்டம், குளோபஸ் பாலிடஸ், சப்தலாமிக் கரு என்று அதற்குள் பல வீடுகள். அசைவுக்கு நேரடியாகக் கட்டளை போடுவது இவற்றின் வேலை இல்லை. எந்த அசைவை இப்போது விடுவது, எதைப் பிடித்துவைப்பது என்று தீர்ப்பதில்தான் இவற்றின் பங்கு. இங்கே டோபமைன் என்ற வேதிப்பொருள் வற்றுவதே பார்க்கின்சன் என்பதை 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் காட்டினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே ஸ்வீடனில் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்து முயல்களை ஜடமாக்கி, டோபமைனின் மூலப்பொருளான எல்-டோபா கொடுத்து எழுப்பிக் காட்டியிருந்தார். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்ததுதான் அந்த ரிசர்பின். எழுப்பிய எல்-டோபாவுக்கும் ஒரு சென்னைக் கதை உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னையில் வேலை பார்த்த தாமோதரனும் ராமசாமியும். உடம்பில் பட்டால் அரிப்பெடுக்கும் சுணை என்று மலையடிவாரத்தில் மாடு மேய்க்கிறவர்கள் விலகிப் போகிற கொடி அது. அதன் விதையில் இருக்கிற சரக்குதான் பெரியப்பா ஒரு நாளைக்கு நாலு வேளை போடுகிற சிண்டோபா மாத்திரையிலும் இருக்கிறது. (அதற்காகக் கொடியைத் தேடிப் போய் விதையை அரைத்துக் குடிக்காதீர்கள், அளவு பிடிபடாது.)

1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் மூளையாழத்தில் கம்பி வைத்து நொடிக்கு நூறுக்கு மேல் துடிப்பு கொடுத்தால் நடுக்கம் நிற்பதைக் கண்டார். கம்பியை இறக்கியபின் அதன் வழியாக மின்சாரம் கொடுக்கலாம் என்பது மட்டுமில்லை, உள்ளே நடப்பதைக் கேட்கவும் செய்யலாம். அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் லண்டனின் பீட்டர் பிரவுன். 2001-இல் அவர் குழு எழுதியது எளிமையாக இருந்தது: மாத்திரை போடாத நோயாளியின் சப்தலாமிக் கருவும் பாலிடஸும் நொடிக்கு இருபதை ஒட்டிய துடிப்பில் ஒன்றாக ஆடுகின்றன; மாத்திரை வேலை செய்யும்போது அது தணிந்து, எழுபதை ஒட்டிய வேகத் துடிப்பு எழுகிறது. 2009-இல் அதே வட்டாரத்திலிருந்து இன்னொன்று வந்தது. நோயில்லாதவர்களின் மூளைக்கு வெளியிலிருந்து நொடிக்கு 20 துடிப்பு கொடுத்தபோது, அவர்கள் கை அசைவு சுமார் 10 சதவீதம் மந்தமானது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் 'பீட்டா பிரேக்' என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஐந்தாறு வருஷம் வகுப்பில் நானும் அதையே சொல்லியிருக்கிறேன், கரும்பலகையில் பிரேக் மிதியே வரைந்து.

சரி, முதல் கேள்வி. இது நோயின் அலை என்றால், நோயில்லாத மூளையில் என்ன செய்கிறது?

1949-லேயே மான்ட்ரியலில் ஜாஸ்பரும் பென்ஃபீல்டும், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் பரப்பில் மின்முனை வைத்து இதைப் பார்த்தார்கள். வலிப்புக்காக அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள், பார்க்கின்சன் இல்லை. கை மூடச் சொன்னதும் கைக்குரிய இடத்தில் அலை அடங்கியது. மூடிய கையை அப்படியே வைத்திருக்கச் சொன்னபோது திரும்பி வந்தது. 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிரேபியல் குழு ஆரோக்கியமான குரங்குகளின் ஸ்ட்ரையேட்டத்தில் கண்டது எனக்கு இன்னும் பிடித்தமானது. மொத்த இடமும் ஒரே லயத்தில் முனகிக்கொண்டிருக்கிறது. குரங்கு கண்ணைத் திருப்பி ஒரு வேலை செய்யும்போது, அந்த வேலைக்குரிய சின்னச் சின்னத் திட்டுகள் மட்டும் அந்தக் கூட்டு லயத்திலிருந்து விலகி நிற்கின்றன. கும்மியில் எல்லாரும் ஒரே தட்டு தட்டிக்கொண்டிருக்க, பாட்டெடுக்கிறவள் மட்டும் ஒரு தட்டை விட்டுவிட்டுக் குரலெடுப்பதுபோல. மற்றவர்களின் தட்டு அவளுக்குத் தடையா?

இதையெல்லாம் விட அழுத்தமான சாட்சி 2012-இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லெவந்தால், பெர்க் முதலானோர் ஆரோக்கியமான எலிகளை வைத்துச் செய்த சோதனை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முகாம்களில் யாரும் சொல்லாத சோதனை இது. எலி ஒரு துளையில் மூக்கை நுழைத்துக் காத்திருக்கும். ஒரு ஒலி கேட்கும். அந்த ஒலியைப் பொறுத்து இடப்பக்கமோ வலப்பக்கமோ போக வேண்டும். சில சோதனைகளில் ஒலி கேட்டவுடன் போகலாம். சிலவற்றில் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துவிடும், 'போ' என்ற ஒலி பிறகுதான் வரும். சிலவற்றில் போகாமல் நிற்க வேண்டும். பீட்டா பிரேக் என்றால், நிற்கிற நேரங்களில் மட்டும் எழ வேண்டும். ஒலி கேட்டதன் எதிரொலி என்றால், எல்லா ஒலிக்கும் எழ வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஒரு குறிப்பை எலி பயன்படுத்தி, 'இதைத்தான் செய்யப்போகிறேன்' என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் ஸ்ட்ரையேட்டம், பாலிடஸ், சப்தலாமிக் கரு, மூளையின் மேற்பரப்பான புறணி எல்லாவற்றிலும் ஒரு சிறு வெட்டாக பீட்டா எழுந்து அடங்கியது. எடுத்த முடிவை மற்ற ஆசைகள் கலைக்காமல் ஒரு கணம் காத்துவைக்கிற நிலை அது என்பது அவர்கள் விளக்கம். 2015-இல் கிரேபியல் குழு இன்னொன்றைச் சேர்த்தது: குரங்கு ஒரு செயலைச் செய்து முடித்த பிறகும் பீட்டா வெட்டுகள் எழுகின்றன. செய்து முடித்ததற்கு எதற்கு பிரேக்?

ஏலக்காய் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறிக்கொண்டே போகிறது. இவ்வளவுதான் என்று ஒரு வியாபாரி மனதில் முடிவு கட்டுகிறார். அந்தக் கணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கிசுகிசுப்பது அவர் காதில் ஏறக்கூடாது. ஏறினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் மனம் மாறி, கடைசியில் லாட்டையும் விட்டுவிட்டு நஷ்டத்தோடு போவார். ஆனால் அடுத்த லாட் வந்தவுடன் அந்தப் பிடிவாதம் விட்டுப்போக வேண்டும். போகாவிட்டால் முந்தின லாட்டின் விலையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியப்பாவின் நோய் இந்த இரண்டாவது வகை. முடிவு பிடிபடுவதில் அவருக்குக் குறையில்லை, பிடி விடுவதில்தான்.

என் எதிர்த்தரப்பு இங்கே குறுக்கிடும்: "ஆரோக்கியத்தில் கொஞ்சம் இருக்கலாம், நோயில் அதிகமாகிறதே, அந்த அதிகம்தானே நோய்?" இதற்குப் பதில் பிரவுனின் குழுவிலிருந்தே வந்தது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு. திரையில் பார்த்த அந்த ஒட்டகத் திமில் பல நிமிடப் பதிவைச் சராசரி எடுத்துப் போட்ட கோடு. சராசரியில் மழை தெரியும், இடி தெரியாது. 2017-இல் டிங்க்ஹவுசரும் பிரவுனும் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வெட்டாக எண்ணினார்கள். நோயாளியின் பீட்டாவும் தொடர்ந்து ஓடும் ரீங்காரம் இல்லை. எழுந்து எழுந்து அடங்குவதுதான். நேரக் கணக்கில் சில வெட்டுகள் குட்டை, சில நெட்டை. நெட்டை வெட்டுகளின் பங்கு கூடக்கூட உடம்பு மோசம். குட்டை வெட்டுகளின் பங்கு கூடக்கூட உடம்பு நலம். மாத்திரை போட்டால் நெட்டை குறைந்து குட்டை கூடுகிறது. அதே பீட்டா, அதே இடம், அதே நோயாளி. குட்டை நல்லது செய்யும்போது 'பீட்டாவை அழி' என்ற கட்டளைக்கு என்ன பொருள்?

இன்னொரு சாட்சியும் பிரேக் கட்சிக்குச் சங்கடமானது. 2007-இல் லெப்லுவா குழு குரங்குகளுக்கு எம்.பி.டி.பி. என்ற நச்சைச் சிறுகச் சிறுகக் கொடுத்து நோயை மெல்ல வரவழைத்தது. அசைவு மந்தமானது முதலில். பாலிடஸில் ஒத்திசைந்த அலை தெரிந்தது பிறகு. காரணம் காரியத்துக்குப் பின்னால் வருமா? எலிகளிலும் டோபமைனைத் திடீரென்று மருந்தால் மறித்தால் எலி உறைகிறது, ஆனால் நாள்பட்ட நோயில் தெரிகிற பீட்டா உடனே வருவதில்லை. முகாமில் பேசியவர் கடைசியில், பெரியப்பாவின் நடுங்கும் கையைக் காட்டி, "பார்த்தீர்களா, பீட்டா" என்று வேறு சொன்னார். அந்த நடுக்கம் நொடிக்கு நாலைந்து முறை. பீட்டாவின் கால்வாசி வேகம். பீட்டாவின் அளவுக்கு விறைப்போடும் மந்தத்தோடும்தான் உறவு, நடுக்கத்தோடு இல்லை. இருபதுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் மேளம் கொட்டினால் வீரபாண்டித் திருவிழாவில் கொட்டுக்காரனை அடித்தே விரட்டிவிடுவார்கள்.

அடுத்த கேள்விதான் எனக்கு மிகவும் ருசியானது: இந்த அலை எங்கே பிறக்கிறது?

பிரேக் கட்சியிடம் இதற்கும் சட்டென்று ஒரு விடை உண்டு. "சப்தலாமிக் கருதான் ஊற்று, அதனால்தான் அங்கே கம்பி வைக்கிறோம்." இதற்குப் பின்னால் 1999-இல் பிளென்ஸும் கிதாயும் எழுதிய ஆய்வு இருக்கிறது. சப்தலாமிக் கருவையும் வெளிப்புற பாலிடஸையும் தட்டில் வளர்த்து, இரண்டும் சேர்ந்தால் தானாகவே லயம் பிறப்பதைக் காட்டினார்கள். அது எப்படி நடக்கும் என்பதை உத்தமபாளையம் பக்கத்து நஞ்சைக்காரர் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தான். மேல் மடையில் ஒருவர், கடைமடையில் ஒருவர் என்று வையுங்கள். கைபேசி இல்லாத காலம். கடைமடையில் தண்ணீர் காணாது; "திற" என்று ஆள் அனுப்புகிறார். மேலே திறக்கிறார்கள். தண்ணீர் வந்து சேர நேரமாகிறது. அதற்குள் இன்னும் திறக்கச் சொல்கிறார். பிறகு மொத்தமாக வந்து வரப்பு உடைகிறது. "அடை" என்கிறார். அடைத்த செய்தி கீழே தெரிவதற்குள் வயல் காய்கிறது. இருவரும் நல்லவர்கள், இருவரும் சரியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் சொல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள தாமதம் ஒரு ஏற்றஇறக்கத்தை உண்டாக்கிவிடுகிறது. சப்தலாமிக் கரு பாலிடஸைத் தூண்டுகிறது, பாலிடஸ் திரும்பி அதை அடக்குகிறது, நடுவே சில மில்லிசெகண்ட் தாமதம். கட்டு தளர்வாக இருக்கும்வரை ஏற்றஇறக்கம் எழுந்து தணியும். டோபமைன் வற்றி இருவருக்கும் இடையிலான பிடி இறுகினால் ஓயாமல் சுற்றும்.

அப்படியானால் அலை யாருடையது? மேல் மடைக்காரருடையதா, கடைமடைக்காரருடையதா? இந்தக் கேள்வியே தவறு என்பது என் கட்சி. 2020-இல் பிரான்சில் டி லா கிரோம்ப் முதலானோர் நோயுற்ற எலிகளில் ஒளியால் நரம்பணுக்களை அடக்கும் உத்தியைக் கொண்டு ஒவ்வொருவராக வாயடைத்துப் பார்த்தார்கள். சப்தலாமிக் கருவை அடக்கினார்கள், பீட்டா போகவில்லை. இயக்கப் புறணியை அடக்கினார்கள், போகவில்லை. பாலிடஸை அடக்கியபோது கலைந்தது. பாடப்புத்தகத்தில் ஊற்று என்று அம்புக்குறி போட்ட இடம் இல்லாமலும் அலை ஓடுகிறது. இதற்காகப் 'பாலிடஸ்தான் புதிய குற்றவாளி' என்று ஓடுகிறவர்களோடும் நான் போகமாட்டேன். எலியின் ஒரு வகை நோயில் அது. சுற்றில் பல வழி உண்டு; ஒன்றை அடைத்தால் இன்னொன்று ஏற்கும்.

இன்னும் ஒரு சங்கடம். ஆழத்தில் கம்பி கேட்கிற அலை ஆழத்தில்தான் பிறந்தது என்று என்ன நிச்சயம்? சித்திரை மாதம் வீரபாண்டித் திருவிழா நாட்களில் ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தால் கொட்டுச் சத்தம் கேட்கும். காற்று திரும்பினால் கிழக்கே கேட்கும், மலையில் மோதினால் மேற்கே கேட்கும். எந்த ஊர்க் கொட்டு என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் எங்கள் தெருவில் நிறைய. மூளைத் திசு மின்சாரத்தைக் கடத்தும். தூரத்தில் எழுந்த அலை பரவி வந்து கம்பியில் விழும். எலியின் ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதியில் காமா என்ற வேக அலையைப் பல வருஷம் பலர் பதிந்து, ஆசை, பரிசு, தீர்மானம் என்று அதற்கு அர்த்தம் எழுதினார்கள். 2017-இல் கார்மைக்கேல் குழு எலியின் ஒரு பக்க மூக்குத் துளையை அடைத்தது. அந்தப் பக்கத்து அலை படுத்துவிட்டது. அது பக்கத்திலுள்ள முகர்வுப் புறணியிலிருந்து கசிந்துவந்த அலை. மூச்சின் வேலையைப் படித்துவிட்டு ஆசை என்று பேர் வைத்திருந்தார்கள்!

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையப் பார்த்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். வேண்டுமா வேண்டாமா என்ற அந்தச் சண்டைக்குள் நான் நுழையவில்லை. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேல் வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் காரணம் மட்டும் இங்கே பொருந்துகிறது: மேலிருந்து கொட்டுகிற மற்றச் சத்தத்தைத் தடுத்தால்தான் தேடுகிற சன்னச் சத்தம் கேட்கும். மூளையின் ஆழத்துக்கு மேல் அப்படி ஒரு பாறை இல்லை. அதனால் கவனமான ஆய்வாளர்கள் பக்கத்துப் பக்கத்து இரண்டு முனைகளின் வித்தியாசத்தை எடுக்கிறார்கள், தனித்தனி நரம்பணுவின் வெடிப்பு அந்த அலையோடு சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். சப்தலாமிக் பீட்டா அந்தச் சோதனையில் தேறுகிறது. அங்கே அலை இருப்பது உண்மை. முகாமின் திரையில் கண்ட ஒற்றைக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட முடியாது.

நம் பக்கத்திலும் இதை வேறு கோணத்தில் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தி பேசல் காங்லியாவுக்குக் கணித மாதிரிகள் கட்டிவருகிறவர். பாடநூலில் இரண்டே பாதை: ஒன்று 'போ', ஒன்று 'நில்'. அவருடைய குழு மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று வாதாடியது: 'தேடு'. சப்தலாமிக் கருவும் பாலிடஸும் ஒன்றோடொன்று மோதி எழுப்பும் ஒழுங்கற்ற ஆட்டம்தான் உயிருக்குப் புதிய செயல்களை முயன்று பார்க்கும் சுதந்திரத்தைக் கொடுக்கிறது என்பது அவர்கள் கருதுகோள். அந்த ஆட்டம் ஒரே லயத்தில் பூட்டிக்கொள்ளும்போது தேடல் செத்துப்போகிறது. மாதிரி மாதிரிதான், மூளை இல்லை. ஆனாலும் நோய் என்பது அலை 'இருப்பதில்' இல்லை, அலைகள் பலவாக இருந்து ஒன்றாகிவிடுவதில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி. சென்னையில் நடக்கிற இந்த வேலை தேனி முகாமுக்கு எட்டவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

"சரி, ஆனால் கம்பி வைத்தால் நடக்கிறார்களே?" நடக்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. வசதியும் தகுதியும் உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் புதிய கருவிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். 2013-இல் பிரவுனின் குழுவைச் சேர்ந்த லிட்டில், பீட்டா எழும்போது மட்டும் மின்சாரம் கொடுக்கும் முறையைச் சோதித்தார். மின்சாரம் ஓடிய நேரம் பாதிக்கும் கீழே. பலன் ஓயாமல் கொடுப்பதைவிட நன்றாக இருந்தது. அதே அளவு மின்சாரத்தை நேரம் பார்க்காமல் இடையிடையே கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. 2025 பிப்ரவரியில் அலையைக் கேட்டுத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அலையைத் துடைக்கும் கருவி இல்லை இது. அது எழுவதைப் பார்த்துக் காத்திருக்கும் கருவி. பிரேக் உவமையை உதற இதைவிட நல்ல நேரம் வராது. அந்த உவமையை நம்பி 'பீட்டா எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது' என்று ஒருவர் கருவியைத் திருகினால், குட்டை வெட்டுகளையும் சேர்த்து வெட்டுவார். எடுத்த முடிவைக் காக்கிற அந்தக் கணமும் போய்விட்டால் என்ன ஆகும் என்பது, கைகால் நன்றாக ஓடியும் செயலில் தடுமாறுகிற நோயாளியின் வீட்டில்தான் தெரியும்.

இனி அந்தக் கோலமாவுக் கோடு. பிரேக் உவமையில் அதற்கு இடமே கிடையாது. பிரேக் பிடித்த வண்டிக்கு முன்னால் சாலையில் கோடு போட்டால் வண்டி நகராது. ஆனால் பெரியப்பா நகர்கிறார். மாத்திரையின் வேகம் அடங்கிய நேரத்திலும் நகர்கிறார். டோபமைன் ஒரு துளி கூடவில்லை, கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. கூடியது ஒரு குறிப்பு மட்டும். மிச்சிகன் எலிகளின் மூளையில் பீட்டா எழுந்ததும் ஒரு குறிப்பைப் பயன்படுத்தும் கணத்தில்தான். இரண்டுக்கும் நேர்க்கோடு போட்டுவிட மாட்டேன். எலியின் மூக்குத் துளையும் போடி வீட்டு நிலைப்படியும் வெவ்வேறு. உறுமிச் சத்தம் கேட்டாலும் பெரியப்பாவின் நடை சீராகிறது; அதையும் இதோடு முடிச்சுப் போடமாட்டேன். நடையின் தாளம் நொடிக்கு இரண்டு, பீட்டா இருபது. ஆனால் வெளியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால் பூட்டு திறக்கிறது என்றால், பூட்டிக் கிடந்தது குறிப்பைச் செயலாக்கும் இடமே தவிர அசைவே இல்லை என்றாவது நாம் யோசிக்க வேண்டும். முகாமில் கையைத் தூக்கி இதைக் கேட்டேன். பேச்சாளர் சிரித்தபடி, "அது மனசு சம்பந்தப்பட்டது" என்றார். மனசு எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். பெரியம்மா தொடையில் கிள்ளினார்.

போன வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். கோடுகள் எல்லாம் போய்விட்டன. பெரியம்மா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டார். கால் விரல்கள் மட்டும் தரையில் பதறிக்கொண்டிருந்தன. மாவுக் கிண்ணத்தை எடுத்து வருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம். உன் காலைக் குறுக்க நீட்டு" என்றார். பெரியவர் முன்னால் காலை நீட்டுவதா என்று தயங்கினேன்.

"நீட்டுடா."

நீட்டினேன். அதைப் பார்த்தார். வலது காலைத் தூக்கி என் பாதத்தைத் தாண்டி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார். பிறகு இடது கால் தானாகப் பின்னால் வந்தது.